மகேந்திரா ஜீப்பின் நல்ல பெயர் யார் சம்பாத்தியம்?

ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம் பக்கம் போய் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா லிமிடெட்’ பற்றி விசாரித்தால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ‘மகேந்திரா ஜீப்பு’ என்று கேட்டால் போதும். காகிதத்தில் மஹிந்திரா, சேலம் மாவட்டத்து வாயில் மகேந்திரா. கமாண்டரும் ஜீப்புதான், மார்ஷலும் ஜீப்புதான், பொலேரோவும் ஜீப்புதான். ஏன், வேறு கம்பெனிக்காரன் செய்த வண்டியாகவே இருக்கட்டும்... பின்னால் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டே மேடு ஏறினால் அதுவும் ஜீப்புதான். வனஸ்பதி எல்லாம் டால்டா ஆனது போல, நகல் எல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல.

ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. சென்னை, கோவைப் பக்கம் வந்தால் இந்தப் பெயருக்கு இன்னும் பாலிஷ் ஏறிவிடும். முரட்டு வண்டி, எதையும் தாங்கும், மலையே ஏறும், அதிலும் நம்ம நாட்டுக் கம்பெனி! கல்லூரி வாசலில் ஒரு கறுப்பு ‘தார்’ வந்து நின்றால் சுற்றி நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஆனந்த் மஹிந்திரா இணையத்தில் ஒரு வரி எழுதினால் கைதட்ட ஒரு படையே இருக்கிறது.

கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ‘மலையே ஏறும்’ என்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தட்டுங்கள். மலையில் ஏறியது யார்? ஏற்றியது யார்? உடைந்தபோது ஒட்டவைத்தது யார்? உருண்டபோது உள்ளே இருந்தது யார்? மும்பைத் தலைமை அலுவலகத்தில் இருந்த யாரும் இல்லை. அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் மலைக்காரர்கள். அதைக் காசாக்கியது கம்பெனி. காசாக்கிய இடம் நகரம். மலைக்குத் திரும்பி வந்தது என்ன என்பதைக் கடைசியில் பார்க்கலாம், எண்களோடு.

முதலில் கொஞ்சம் பழங்கதை. ஜீப் என்ற பொருளே பிறந்ததிலிருந்து இந்த ‘பெயர் யாருடையது’ சண்டையோடுதான் வளர்ந்திருக்கிறது.

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன உளவு வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாளில் தர வேண்டும் என்று நிபந்தனை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்த பாண்டம் என்ற குட்டிக் கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற இன்ஜினியரைக் கூப்பிட்டு சில நாளில் வரைபடம் போட்டு, சொன்ன தேதிக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ராணுவத்துக்கு வண்டி பிடித்துவிட்டது. கம்பெனியின் சைஸ்தான் பிடிக்கவில்லை. வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டினார்கள். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்கள் ஓடின. பெரும்பாலும் எல்லாமே வில்லிஸும் ஃபோர்டும் செய்தவை. பாண்டம்? டிரெய்லர் செய்யப் போய்விட்டது.

போரின்போதே வில்லிஸ், ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்து, அப்படிச் சொல்வது தவறு, மூல யோசனை பாண்டமும் ராணுவ அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கியது என்று 1948-ல் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பால் பாண்டமுக்கு என்ன கிடைத்தது என்றால், ஒன்றுமில்லை. 1950-ல் ‘ஜீப்’ என்ற பெயரை வில்லிஸ் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. செய்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் ஒருவன். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1945 அக்டோபர் 2-ஆம் தேதி லூதியானாவில் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கப்பட்டது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்கள், கூட மாலிக் குலாம் முகமது. பிரிவினைக்குப் பிறகு முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். (ஒரு பார்ட்னர்ஷிப் கணக்கில் விலகிய பார்ட்னர் பக்கத்து நாட்டுக்கே நிதி அமைச்சர் ஆன கதை வேறு எங்கும் இருக்காது!) 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. ‘எம் அண்ட் எம்’ என்ற முதலெழுத்து மாறவில்லை, லெட்டர் பேடு செலவு மிச்சம்.

கே.சி. மஹிந்திரா போர்க்காலத்தில் வாஷிங்டனில் இந்தியாவின் கொள்முதல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அங்கேதான் ஜீப்பைப் பார்க்கிறார். 1940-களின் கடைசியில், பெட்டியில் உதிரியாக வந்த வில்லிஸ் ஜீப்களை பம்பாய் மஸகானில் வைத்துப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். பிறகு லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததில் கம்பெனியின் சாமர்த்தியத்தைவிட அரசாங்கத்தின் கொள்கைக்குப் பங்கு அதிகம். 1950-களின் தொடக்கத்தில், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. காருக்கு அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்று பேராவது மிஞ்சினார்கள். மேடு ஏறும் வண்டி வேண்டும் என்று ஒரு தனி மனிதன் கேட்டால், கைக்கு எட்டிய பெயர் நடைமுறையில் ஒன்றுதான்.

முப்பது வருடத்துக்கு மேல் கடையில் ஒரே சட்டைதான் தொங்கியது என்றால், ஊரே அந்தச் சட்டையைப் போட்டிருந்தது என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? ‘மக்களின் நம்பிக்கை’ என்று கம்பெனி வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதில் பாதி, வேறு வழியில்லாமை.

மீதிப் பாதி நிஜமான நம்பிக்கைதான். அதை மறுத்தால் அநியாயம். அந்தப் பாதி எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

சேர்வராயன் மலையில் காபி வந்து இருநூறு வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இன்று காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஆரஞ்சு, பலா. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு; சுற்றுலாக்காரர்கள் அதை எண்ணிக்கொண்டே வந்து ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் வட்டம் முழுக்க மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். (கேரள மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள்.) அந்த ஊராட்சிகளில் ஒன்று மாரமங்கலம். மெயின் ரோட்டில் பஸ் போகும். பஸ் ரோடு முடிந்த இடத்திலிருந்து தோட்டத்துக்கும் குடியிருப்புக்கும் எது போகும்? மண் பாதையில் மழை பெய்தால் எது போகும்? ராத்திரி பதினோரு மணிக்குப் பிரசவ வலி என்றால், ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ கீழே சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ எது போகும்? 108 வருவதற்கு முன்பெல்லாம் ஒரே பதில்தான். மற்ற மலைகளிலும் இதே கதை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு இன்றைக்கும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக வேண்டும்.

ஜீப்பால் அது முடிந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஏணி மாதிரி இரண்டு இரும்புச் சட்டம், அதன் மேல் தனியாக உட்கார்த்திய உடம்பு. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். தரையிலிருந்து நல்ல உயரம். சின்ன நீளம், அதனால் ஒடித்துத் திருப்பலாம். நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் என்றால் செங்குத்து மேட்டுக்குத் தனி லோ கியர். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே மர்மம் எதுவும் கிடையாது. சட்டம் விரிசல் விட்டால் வெல்டிங் பற்றவைத்து ஓட்டலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்பேனர் செட் போதும்.

ஆனால் கவனியுங்கள், இந்த வடிவமைப்பு பாண்டமும் வில்லிஸும் ராணுவத்துக்காகப் போட்டது. மலைக்கு ஏற்ற மாதிரி அதை மாற்றியது யார்? பெட்ரோல் குடித்துத் தீர்க்கிறது என்று பழைய வில்லிஸ் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்தியது பட்டறைக்காரர்கள். படுதாவை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டது அவர்கள். மூட்டைக்குத் தாங்க ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தது, எதிரெதிரே பெஞ்சு போட்டது, பின்னால் நின்று பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தது எல்லாம் பட்டறையில் நடந்த ஆராய்ச்சி. அந்த ஆர் அண்ட் டி செலவு எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் வராது. பத்து பேர் போகிற வண்டியில் பதினெட்டுப் பேரை வைத்து, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று வருடக்கணக்கில் ஓட்டி, ‘மகேந்திரா ஜீப்பு தாங்கும்’ என்று நிரூபித்த சோதனை ஓட்டுநர்களும் அவர்கள்தான். கம்பெனி சம்பளம் தராத சோதனை ஓட்டுநர்கள்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் மணி அடிக்க வேண்டும். குட்வில்! பார்ட்னர்ஷிப் கணக்கில் சூப்பர் பிராஃபிட் முறை, சராசரி லாப முறை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதே குட்வில்தான். கணக்கியல் தரம் 26 என்ன சொல்கிறது? நிறுவனத்துக்குள்ளேயே உருவான குட்வில்லைச் சொத்தாகக் காட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய பெயரை மட்டும் காட்டலாம். நியாயமான விதிதான், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ‘எங்கள் பெயர் ஆயிரம் கோடி’ என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் இந்த விதியின் நிழலில் ஒரு வசதி இருக்கிறது. பெயருக்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை என்றால், அதைச் சம்பாதித்துக் கொடுத்தவனுக்கும் அங்கே இடம் இல்லை. கடன்தாரர் பட்டியலில் மலைக்காரன் பெயர் எப்படி வரும்?

பெயருக்கு விலை உண்டு என்பது மஹிந்திராவுக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2016-ல் அதன் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சுமார் 28 கோடி ரூபாய்க்கு வாங்கியது. எழுபதுகளிலேயே படுத்துவிட்ட கம்பெனி அது. வாங்கியது பெயரைத்தான். ஜாவா பெயரையும் அதே வழியில் உயிர்ப்பித்து 2018-ல் வண்டி விட்டார்கள். யாரோ ஒரு தாத்தா எப்போதோ ஓட்டிய வண்டியின் நினைவுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கலாம் என்றால், சேர்வராயன் மலையிலும் போடி மெட்டிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் நினைவுக்கு என்ன விலை?

அமெரிக்காவில் இதே பெயர்ச் சண்டை நேராகவே நடந்தது. 2018-ல் மஹிந்திரா அங்கே ‘ராக்ஸர்’ என்று ஒரு வண்டி விட்டது. பண்ணைக்குள் ஓட்ட, பழைய ஜீப் ஜாடையில். அப்போது ஜீப் பெயருக்குச் சொந்தக்காரனாக இருந்த ஃபியட் கிரைஸ்லர், இது எங்கள் உருவம் என்று வழக்குப் போட்டது. 2020 ஜூனில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் ஃபியட் கிரைஸ்லர் பக்கம் தீர்ப்பு சொல்லி இறக்குமதியைத் தடுத்தது. முகத்தை மாற்றிச் செய்த மாடலுக்கு அதே வருடம் டிசம்பரில் அனுமதி கிடைத்தது. வண்டி எப்படி இருக்கிறது என்ற தோற்றத்துக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் வருடக்கணக்கில் வக்கீல் வைத்து அடித்துக்கொண்டன. அந்தத் தோற்றத்தைப் பார்த்ததும் ‘இது தாங்கும்’ என்று மனதுக்குள் தோன்றுகிறதே, அந்த எண்ணத்தை விதைத்தவர்கள் எந்த வழக்கிலும் வாதியாக இல்லை. (சொல்ல மறந்தது: அசல் ‘ஜீப்’ பிராண்ட் இந்தியாவில் கடை விரித்தது 2016-ல்தான். அந்த வழவழப்பான வண்டியை மாரமங்கலத்தில் கொண்டுபோய் ‘இதுதான் நிஜ ஜீப்’ என்றால் சிரிப்பார்கள்.)

சரி, நகரத்தில் காசாக்கிய கதைக்கு வருவோம்.

2000-ல் பொலேரோ. 2002-ல் ஸ்கார்ப்பியோ. ஸ்கார்ப்பியோவுக்குப் பாராட்டு தந்தே ஆக வேண்டும். பவன் கோயங்கா தலைமையில், பன்னாட்டுக் கம்பெனிகள் ஒரு புது மாடலுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கில், சொந்தமாக ஒரு வண்டியை உருவாக்கினார்கள். அது சாதனைதான். ஆனால் அந்த வண்டியை விற்றபோது எதைச் சேர்த்து விற்றார்கள்? மலை, மண், முரட்டுத்தனம். கிராமத்து ஜீப்பின் வீரத்தை நகரத்து சோபாவில் உட்கார்த்தி விற்றார்கள். பொலேரோ கிராமத்திலேயே நின்றது, பல ஆண்டுகள் தொடர்ந்து நாட்டில் அதிகம் விற்ற எஸ்.யூ.வி.யாக இருந்தது. கம்பெனிக்குச் சோறு போட்டதில் பெரிய கை அது.

அடுத்து தார். 2010 அக்டோபரில் முதல் தார் வந்தபோது விலை ஆறு லட்சத்துக்குள். பின்னால் எதிரெதிர் பெஞ்சு. பார்த்தால் பழைய ஜீப்பின் தம்பி. 2020-ல் புதுத் தார். முதல் வண்டியை ஏலம் விட்டு 1 கோடியே 11 லட்சம் வந்தது, அதைக் கோவிட் நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள், நல்ல காரியம். அறிமுகத்தில் 9 லட்சத்து 80 ஆயிரத்துக்கு, எதிரெதிர் பெஞ்சில் ஆறு பேர் உட்காரும் ஒரு சாதா மாடலும் இருந்தது. மலைக்காரன் ஒருவன் கடன் வாங்கியாவது எடுக்கக்கூடிய ஒரே தார் அது. சில மாதத்துக்குள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிரெதிர் பெஞ்சு பாதுகாப்பு இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அதே விலைக்கு முன்பக்கம் பார்த்த சீட் போட்டு வேலைக்காரன் வண்டி ஒன்று கொடுத்திருக்க வேண்டும். பதிலாக 2023 ஜனவரியில் வந்தது என்ன தெரியுமா? பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தார். நகரத்தில் யாருக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்? தோற்றம் இருந்தால் போதுமே.

வியாபாரம் என்றால் அப்படித்தான், எங்கே காசு இருக்கிறதோ அங்கே போவார்கள், இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விலை உயர்ந்த வண்டியை நகரத்தில் விற்பதில் குற்றம் எதுவும் இல்லை. அதே கம்பெனி, அதே வருடம், உயிர் என்று வரும்போது நகரத்துக்கு ஒரு தராசு, கிராமத்துக்கு ஒரு தராசு வைத்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. ஆரம்பத்தில் சொன்ன எண்கள் இவைதான்.

குளோபல் என்கேப் என்ற அமைப்பு வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. 2016 மே மாதம் காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோவுக்குப் பூஜ்யம். அந்தச் சுற்றில் வேறு கம்பெனி வண்டிகளுக்கும் பூஜ்யம்தான், அதனால் மஹிந்திராவை மட்டும் திட்ட முடியாது. அதற்குப் பிறகு கம்பெனி பாடம் படித்தது. எக்ஸ்.யூ.வி. 300 ஐந்து நட்சத்திரம், 2020-ல். எக்ஸ்.யூ.வி. 700 ஐந்து, 2021-ல். ஸ்கார்ப்பியோ-என் ஐந்து, 2022-ல். இந்தியாவிலேயே பாதுகாப்பான வண்டி செய்கிறவர்கள் என்று பெயர் வாங்கினார்கள், நியாயமாகத்தான் வாங்கினார்கள்.

2024 ஏப்ரல். பொலேரோ நியோவின் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திரம். குழந்தைகளுக்கு ஒரு நட்சத்திரம்.

அதே ஏப்ரல் கடைசியில், இதே மஹிந்திரா, எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்ஓ என்ற நகரத்து வண்டியை 7 லட்சத்து 49 ஆயிரம் ரூபாயிலிருந்து அறிமுகம் செய்தது. மிகக் குறைந்த விலை மாடலிலேயே ஆறு காற்றுப்பை. நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பொலேரோ நியோவின் ஆரம்ப விலை அப்போது சுமார் 10 லட்சம், காற்றுப்பை இரண்டு.

இன்னொரு தடவை படியுங்கள். விலை குறைந்த நகரத்து வண்டிக்கு ஐந்து நட்சத்திரம். விலை கூடிய கிராமத்து வண்டிக்கு ஒன்று. ‘ஏழை வாங்க முடியாது, அதனால் பாதுகாப்பைக் குறைத்தோம்’ என்ற வழக்கமான சாக்கு இங்கே செல்லாது. ஏழைதான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான்.

‘அது வேற டைப் வண்டி, ஏணிச் சட்ட வண்டியில் நட்சத்திரம் வாங்குவது கஷ்டம்’ என்று வண்டி விஷயம் தெரிந்த நண்பர்கள் சொல்வார்கள். கஷ்டம்தான். ஆனால் ஸ்கார்ப்பியோ-என் எந்த டைப்? ஏணிச் சட்டம். 2024 நவம்பரில் ஐந்து வாங்கிய தார் ராக்ஸ் எந்த டைப்? ஏணிச் சட்டம். ஆக, வித்தை தெரியும். எந்த வண்டிக்கு அந்த வித்தையைக் காட்டுவது என்பது முடிவு. அந்த முடிவை எடுத்த மேஜையில் மாரமங்கலம் நினைவுக்கு வரவில்லை.

‘கிராமத்து ஆள் நட்சத்திரம் கேட்கவில்லையே’ என்பது அடுத்த சாக்கு. கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? ‘மகேந்திரா ஜீப்பு தாங்கும்’ என்று அவருக்கு ஏற்கெனவே தெரியுமே! கனத்த தகரம் பாதுகாப்பு என்று தலைமுறையாக நம்பியிருக்கிறார். வண்டி தாங்குவது வேறு, உள்ளே இருக்கும் ஆளைத் தாங்குவது வேறு என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியது, அந்த நம்பிக்கையால் லாபம் பார்த்தவர்களின் வேலை. நல்ல பெயரே வாங்குகிறவரின் கண்ணை மறைக்கிறது என்றால், அந்தப் பெயர் யாருக்குச் சொத்து, யாருக்குக் கடன் என்று கணக்குப் படிப்பவர்கள் சொல்லட்டும்.

அதிக ஆட்களை ஏற்றுவது தப்பு, அதற்குக் கம்பெனி என்ன செய்யும் என்பதும் சரியான கேள்வி. தப்புதான். பஸ் விடாத அரசுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2007-ல் அஞ்சனா ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இமாச்சலத்தில் அனுமதித்த எண்ணிக்கையைவிட இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றிய பஸ் விபத்து அது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு, பாலிசியில் உள்ள ஆள் எண்ணிக்கைக்கு மட்டும்தான் என்றது நீதிமன்றம். எண்ணிக்கையில் உள்ளவர்களுக்கான தொகையை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், மிச்சத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். மலை ஜீப்பின் உரிமையாளரிடம் என்ன இருக்கும்? கவிழ்ந்த ஜீப்பும், அதன் மேல் பாக்கி இருக்கும் கடனும். பத்து சீட் வண்டியில் பதினெட்டுப் பேர் போய் ‘எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும்’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா, அந்தக் கூடுதல் எட்டுப் பேர் இன்சூரன்ஸ் கணக்கிலும் இல்லை, குட்வில் கணக்கிலும் இல்லை.

மஹிந்திராவைக் கடையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாளைக்கே மலையில் அந்த வண்டிகள் நின்றுவிட்டால் காபி மூட்டை இறங்காது, அரிசி மூட்டை ஏறாது. உதிரிபாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை. கேட்பது கொஞ்சம்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனைக்கு வண்டியை அனுப்புவது கம்பெனியின் விருப்பம், கட்டாயம் இல்லை. 2024 நவம்பரில் முடிவு வந்த மூன்று மஹிந்திரா வண்டிகள் தார் ராக்ஸ், 3எக்ஸ்ஓ, எக்ஸ்.யூ.வி. 400. மூன்றும் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு முதலில் அனுப்ப வேண்டியது, வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்ட பொலேரோவை.

அதோடு பிக்கப். காபி அறுவடைக் காலத்தில் மலைப்பாதையில் நின்று பார்த்தால் தெரியும், ஜீப்பின் வேலையில் பாதியை இப்போது பிக்கப் வண்டிகள் செய்கின்றன. நாட்டில் பிக்கப் சந்தையில் அதிகம் விற்பதும் மஹிந்திராதான். சரக்கு வண்டி என்பதால் பாரத் என்கேப் அதைத் தொடுவதே இல்லை, அந்தத் திட்டம் பயணிகள் வண்டிக்கு மட்டும். பின்னால் மூட்டையோடு மூட்டையாகப் பெண்கள் நின்றுகொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பது போலீசுக்குத் தெரியும், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியும், வண்டி விற்கிற டீலருக்கும் தெரியும். சோதனை விதியில் மட்டும் அதில் ஏறுவது சரக்கு.